பாக்கி கேட்டு எழுதும் கடிதம்: சேலத்துக் கணக்கு மேசைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

செவ்வாய்ப்பேட்டை மொத்தக் கடைகளிலும் இளம்பிள்ளைச் சேலைக் கிடங்குகளிலும் வெள்ளிப் பட்டறைகளிலும் கணக்கு எழுத வரும் இளைஞர்களுக்கு முதல் மாதத்திலேயே ஒரு வேலை வந்துசேரும். முதலாளி நிலுவைப் பட்டியலை மேசையில் வைத்து, "இவர்களுக்கெல்லாம் ஒரு கடிதம் போட்டுவிடு, தம்பி" என்பார். வரிக் கணக்கு, டேலி மென்பொருள், விற்பனைப் பட்டியல் (பில்) போடுவது எல்லாம் பழகியிருக்கும். கடிதம் எழுத மட்டும் யாரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். பழைய கோப்பிலிருந்து ஒன்றை எடுத்துத் தேதியை மாற்றி அனுப்பிவிடுவார்கள். "பல முறை நினைவூட்டியும் தாங்கள் பணம் அனுப்பவில்லை" என்ற வரி முதல் கடிதத்திலேயே போய்விடும். மறுநாள் வாடிக்கையாளர் முதலாளியைக் கூப்பிட்டு வருத்தப்படுவார், பணமும் வராது.

நல்ல நினைவூட்டுக் கடிதம் எழுதத் தமிழ்ப் புலமை வேண்டாம், சட்டப் படிப்பும் வேண்டாம். ஒன்றை மட்டும் மனத்தில் வைத்தால் போதும். கடிதத்தைப் பிரிக்கிறவர் பெரும்பாலும் அந்தக் கடையின் முதலாளி அல்ல. உங்களைப் போலவே நூறு வேலைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் ஒரு கணக்கர். வேறு எந்தக் கோப்பையும் திறக்காமல், யாரையும் கேட்காமல், உங்கள் தொகையை அவர் பேமெண்ட் பட்டியலில் ஏற்ற முடிகிற மாதிரி எழுதினால் அந்தக் கடிதம் வேலை செய்யும். மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

முதலில் உங்கள் கணக்கைச் சரிபாருங்கள்

பேனாவை எடுக்கும் முன் அந்த வாடிக்கையாளரின் லெட்ஜரை (பேரேட்டுக் கணக்கை) முழுவதும் ஒரு முறை படியுங்கள். கடைசி இருப்பை மட்டும் பார்த்துவிட்டு எழுதக் கூடாது. வந்த பணம் எந்தப் பட்டியலுக்கு வரவாகியிருக்கிறது, சரக்குத் திருப்பி வந்ததா, அதற்குக் கிரெடிட் நோட் (தொகையைக் குறைத்துக் கொடுக்கும் சீட்டு) போட்டாயிற்றா, வங்கியில் யார் அனுப்பியது என்று தெரியாமல் தனியாகக் கிடக்கும் தொகை ஏதும் உண்டா என்று பாருங்கள். கடை உரிமையாளரின் மகன் தன் சொந்தக் கணக்கிலிருந்து அனுப்பிய பணம் வேறு பெயரில் ஏறியிருப்பது சகஜம். பணம் கொடுத்துவிட்டவரிடம் பாக்கி கேட்டுக் கடிதம் போனால், அடுத்த ஆறு மாதத்துக்கு உங்கள் கடிதத்தை அங்கே யாரும் நம்ப மாட்டார்கள்.

தொகை கொஞ்சம் குறைவாக வந்திருந்தால் உடனே பாக்கி என்று முடிவு கட்டாதீர்கள். முந்தைய ஆண்டு விற்பனை 10 கோடி ரூபாய்க்கு மேல் உள்ள நிறுவனம், ஒரே விற்பனையாளரிடம் ஓராண்டில் 50 லட்சத்துக்கு மேல் வாங்கினால், அதற்கு மேற்பட்ட தொகையில் 0.1 சதவீதம் டி.டி.எஸ். (பணம் தரும்போதே பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடிக்க வேண்டும். அது பாக்கி அல்ல. வருமான வரித் துறையின் வரி வரவு அறிக்கையில் உங்கள் பெயரில் வரவாகியிருக்கிறதா என்று பார்த்துக் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டியது உங்கள் வேலை.

எல்லாவற்றிலும் முக்கியம் தகராறு. சேலைக் கட்டில் மூன்று சேலை சாயம் மங்கலாக இருக்கிறது என்று கடைக்காரர் போனில் சொல்லியிருப்பார். நம் விற்பனைப் பிரிவு "பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டு மறந்திருக்கும். அவர் பணத்தை நிறுத்தி வைத்திருப்பது அதற்காகத்தான். அது தெரியாமல் முழுத் தொகையையும் கேட்டு எழுதினால் கோபம்தான் பதிலாக வரும். ஆகவே கடிதம் எழுதும் நாளில் விற்பனைப் பிரிவில் ஒரு வார்த்தை கேளுங்கள். தகராறு உண்டென்றால் கடிதத்தில் அதை ஒப்புக்கொண்டு இரண்டாகப் பிரியுங்கள்: இந்த மூன்று சேலைக்கான தொகை பேசி முடியும் வரை தனியாக நிற்கட்டும், மீதித் தொகையை அனுப்பிவையுங்கள். இப்படிப் பிரித்துக் கேட்டால் பெரும்பாலும் மீதி வந்துவிடும். மூன்று சேலைக்காக முப்பது சேலையின் பணத்தை நிறுத்துவது நியாயமில்லை என்று அவருக்கே தெரியும்.

எதிர்மேசையில் என்ன நடக்கிறது

உங்கள் கடிதம் போய்ச்சேர்ந்ததும் அங்கே நடப்பதைக் கற்பனை செய்துபாருங்கள். கணக்கர் கடிதத்தைப் பிரிக்கிறார். பட்டியல் எண்ணைத் தேடுகிறார். சரக்கு உள்வரவுப் பதிவேட்டில் அந்த எண் இருக்கிறதா என்று பார்க்கிறார். இல்லாவிட்டால் லாரி ரசீது எண்ணை வைத்துப் பார்சல் வந்த நாளைத் தேடுகிறார். பிறகு லெட்ஜரைத் திறந்து தொகை ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார். எல்லாம் சரியாக இருந்தால், வாரக் கடைசியில் முதலாளி பார்க்கும் பேமெண்ட் பட்டியலில் உங்கள் பெயரை எழுதுகிறார். இடையில் எங்கே தடை வந்தாலும் கடிதம் தட்டின் அடிக்குப் போய்விடும்; அடுத்த வாரம்தான் மேலே வரும், சில சமயம் வராமலே போகும்.

எனவே பட்டியல் எண், தேதி, தொகை, லாரி ரசீது எண், தவணை முடிந்த நாள், வந்த பணம், மீதி ஆகியவை கடிதத்தின் உடலிலேயே இருக்க வேண்டும். "இணைப்பைக் காண்க" என்று எழுதி எல்லாவற்றையும் பின்தாளுக்குத் தள்ளாதீர்கள். தபால் பிரிக்கும் இடத்திலேயே இணைப்பு கழன்றுவிடும். வங்கிக் கணக்கு எண்ணும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடும் ஒவ்வொரு கடிதத்திலும் இருக்கட்டும். அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது என்று விடாதீர்கள். ஆனால் ஒன்று: உங்கள் வங்கிக் கணக்கு மாறினால் அதை நினைவூட்டுக் கடிதத்தில் ஒரு வரியாகச் சொல்லக் கூடாது. கணக்கு மாறிவிட்டது என்று பொய் மின்னஞ்சல் அனுப்பிப் பணம் பறிக்கும் மோசடி பரவலாக இருக்கிறது. கணக்கு மாற்றத்துக்குத் தனிக் கடிதம் அனுப்பி, தெரிந்த எண்ணில் கூப்பிட்டு உறுதிசெய்ய வேண்டும்.

முதல் கடிதம், ஒரு மாதிரி

கீழே இருப்பது மாதிரி. எண்களும் தேதிகளும் விளக்கத்துக்காகப் போட்டவை. லாரி ரசீது எண்ணையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் இங்கே விட்டிருக்கிறேன்; உங்கள் கடிதத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாள்: 12.08.2025

பெறுநர்: கணக்குப் பிரிவு (வாங்கியவர் பெயர், ஊர்)

பொருள்: பட்டியல் 214, 231 – நிலுவை ரூ. 78,750 – 22.08.2025 வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பக் கோருதல்

பார்வை: தங்கள் 28.07.2025 வங்கிப் பரிமாற்றம் ரூ. 50,000

ஐயா,

பார்வையில் கண்ட ரூ. 50,000 கிடைத்தது, நன்றி. அதைப் பட்டியல் 214-க்கு வரவு வைத்திருக்கிறோம். இப்போதைய நிலை:

பட்டியல் 214, நாள் 03.06.2025, ரூ. 86,450, வரவு ரூ. 50,000, மீதி ரூ. 36,450. 45 நாள் தவணை 18.07.2025 அன்று முடிந்தது.

பட்டியல் 231, நாள் 19.06.2025, ரூ. 42,300, வரவு இல்லை, மீதி ரூ. 42,300. தவணை 03.08.2025 அன்று முடிந்தது.

மொத்த மீதி ரூ. 78,750. இத்தொகையை 22.08.2025-க்குள் கீழ்க்காணும் வங்கிக் கணக்கில் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம். தங்கள் கணக்கில் வேறு தொகை இருந்தாலோ, சரக்கில் குறை ஏதும் இருந்தாலோ, இக்கடிதத்தின் பின்புறம் எழுதி அனுப்பினால் அன்றே பார்த்துச் சரிசெய்கிறோம்.

இதற்கிடையில் பணம் அனுப்பியிருந்தால் பரிமாற்ற எண்ணை மட்டும் தெரிவிக்கவும்.

இவ்வளவுதான் கடிதம். இதில் கவனிக்க வேண்டியவை சில. பொருள் வரியிலேயே தொகையும் கெடு நாளும் இருக்கின்றன. அந்த ஒரு வரியை மட்டும் படிப்பவருக்கும் விஷயம் தெரிந்துவிடும். "விரைவில்", "கூடிய சீக்கிரம்" என்று எங்கும் இல்லை. ஏனென்றால் அந்தச் சொற்களுக்கு நாள்காட்டியில் இடம் கிடையாது. கெடு வெள்ளிக்கிழமையில் விழுகிறது. வங்கி திறந்திருக்கும் நாள், வாரக் கடைசிப் பேமெண்டோடு சேரும் நாள். ஏற்கெனவே வந்த பணத்துக்கு முதலில் நன்றி சொல்லியிருக்கிறது. பாதிப் பணம் அனுப்பியவரை ஒன்றுமே அனுப்பாதவர் போல நடத்தினால், மீதிப் பாதி வருவது கஷ்டம்.

முதல் கடிதத்தில் "தாங்கள் தவறிவிட்டீர்கள்" என்ற தொனியே வேண்டாம். "பட்டியல் நிலுவையில் இருக்கிறது" என்று எழுதுங்கள். குறை பட்டியலின் மேல் நிற்கட்டும், ஆளின் மேல் வேண்டாம்.

சேலைகள் கர்நாடகம், ஆந்திரம் போகின்றன; ஜவ்வரிசி மகாராஷ்டிரம் வரை போகிறது. அங்கே அனுப்பும் கடிதத்தை ஆங்கிலத்தில் எழுத நேரும். அப்போதும் அமைப்பு இதுவேதான். தமிழில் தெளிவாக எழுதிப் பார்த்துவிட்டுப் பிறகு ஆங்கிலத்தில் எழுதினால் சுற்றிவளைக்கும் பழக்கம் குறையும். ஏஜென்ட் மூலம் போன சரக்கானால் அவருக்கு முதலில் போனில் சொல்லிவிட்டுக் கடிதத்தின் நகலை அனுப்புங்கள். தனக்குத் தெரியாமல் கடிதம் போனது என்று அவர் மனம் புண்பட்டால், அடுத்த முறை உங்களுக்காக அந்தக் கடையில் பேச ஆள் இருக்காது.

எந்த நாளில் அனுப்புவது

இதைப் பலரும் யோசிப்பதே இல்லை. மாதம் 11-ஆம் தேதிக்குள் விற்பனை விவரமும் 20-ஆம் தேதிக்குள் வரிப் படிவமும் ஜி.எஸ்.டி. தளத்தில் ஏற வேண்டும் என்பதால், அந்த இரண்டு தேதிகளுக்கும் முந்தைய சில நாட்களில் எந்தக் கணக்கரும் உங்கள் கடிதத்தைப் பார்க்க மாட்டார். மேலே உள்ள மாதிரிக் கடிதம் 12-ஆம் தேதியிட்டதற்குக் காரணம் அதுதான். சேலத்துக்குள்ளேயே அனுப்புவதானால் ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் திருவிழா நாட்களைத் தவிருங்கள். ஊரே கோயிலில் இருக்கும். ஜவுளிக்கடைகளுக்குத் தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் கடிதம் அனுப்பிப் பயனில்லை. ஆனால் தீபாவளி முடிந்த முதல் வாரத்தில் கல்லாவில் பணம் இருக்கும். அந்த வாரத்தில் போய்ச்சேரும் கடிதத்துக்குத் தனி மதிப்பு.

தவணை முடிவதற்கு மூன்று நான்கு நாள் முன்பே வாட்ஸ்அப்பில் ஒரு சிறு செய்தி அனுப்புவது நல்ல பழக்கம்: பட்டியல் எண், தொகை, தவணை நாள், அவ்வளவுதான். கேட்கும் தொனி வேண்டாம், தெரிவிக்கும் தொனி போதும். பாதிப் பேர் இதற்கே பணம் அனுப்பிவிடுவார்கள்.

வாட்ஸ்அப்பில் ஒரு எல்லையும் உண்டு. வியாபாரிகள் குழுவில் ஒருவருடைய பாக்கியைப் போடக் கூடாது. பாக்கிக் கடிதத்தை அஞ்சலட்டையிலும் எழுதக் கூடாது. மூன்றாம் ஆள் கண்ணில் படும்படி கடனைச் சொன்னால் மானப் பிரச்சினையாகிவிடும்; பணத்தை விட்டுவிட்டு மானத்துக்காகச் சண்டை போட வருவார்கள், அவதூறு வழக்கு வரைக்கும்கூடப் போகும்.

இரண்டாவது, மூன்றாவது

முதல் கடிதத்தின் கெடு முடிந்து ஒரு வாரம் காத்திருந்து இரண்டாவதை அனுப்புங்கள். அதன் பார்வை வரியில் முதல் கடிதத்தின் தேதி இருக்க வேண்டும். நடுவில் போனில் பேசி அவர் ஒரு நாள் சொல்லியிருந்தால் அதையும் எழுதுங்கள்: "25.08.2025 அன்று தொலைபேசியில், 30-ஆம் தேதி அனுப்புவதாகத் தெரிவித்தீர்கள்." போனில் பேசியது காற்றோடு போய்விடும், கடிதத்தில் ஏறினால் நிற்கும். பணம் கேட்டுப் பேசிய ஒவ்வொரு உரையாடலுக்கும் அன்றே லெட்ஜர் ஓரத்தில் தேதி, பேசியவர், சொன்ன நாள் என்று குறித்துவையுங்கள்.

மூன்றாவது கடிதத்தில் முதலாளி கையெழுத்திட வேண்டும். அது வாங்கியவருடைய முதலாளியின் பெயருக்கே போக வேண்டும். கையெழுத்தின் படி ஏறும்போது கடிதத்தின் எடையும் தானாக ஏறிவிடும். சொற்களைக் கடுமையாக்க வேண்டியதில்லை. அரசு அலுவலகங்களில் பலமுறை நினைவூட்டியும் நகராத கோப்புக்கு மேலதிகாரி பெயரிட்டு நேர்முகக் கடிதம் எழுதுவார்களே, அதே முறைதான்.

செய்ய மாட்டாத ஒன்றைச் செய்வேன் என்று எழுதாதீர்கள். "24 சதவீத வட்டி வசூலிக்கப்படும்" என்று பட்டியலின் அடியில் அச்சிட்டிருக்கும். ஒருவரிடம்கூட வசூலித்திருக்க மாட்டோம். அப்படியிருக்க அதைக் கடிதத்தில் எழுதினால் அடுத்த வரியையும் அவர் நம்ப மாட்டார். சரக்கை நிறுத்துவோம் என்று எழுதினால் உண்மையிலேயே நிறுத்த வேண்டும். விற்பனைப் பிரிவிடம் ஒப்புதல் வாங்காமல் கணக்குப் பிரிவு அந்த வரியை எழுதினால், கடிதம் போன மறுநாளே புதுச் சரக்கும் போய்ச்சேரும்.

மூன்றாவதை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, பட்டுவாடா விவரத்தை அச்சிட்டுக் கோப்பில் வையுங்கள். பழைய பதிவுத் தபால் முறை 2025-இல் ஸ்பீட் போஸ்டுடன் இணைக்கப்பட்டுவிட்டது. பெறுபவர் கையில் மட்டுமே கொடுக்க வேண்டுமென்றால் பதிவு வசதியையும் சேர்த்துக் கேட்க வேண்டும். வாட்ஸ்அப் செய்தியும் சான்றாகும். ஆனால் நீதிமன்றத்தில் அதை வைக்க அதற்குரிய சான்றிதழ் வேண்டும். தாளில் போன கடிதத்தில் அந்தச் சுற்று இல்லை.

கடிதத்துக்குப் பின்னால் நிற்கும் சட்டம்

கணக்கருக்கு இதில் நான்கைந்து செய்திகள் தெரிந்திருந்தால் போதும். மீதியை வக்கீலிடமும் ஆடிட்டரிடமும் விடலாம். ஆனால் இந்த நான்கைந்தும் தெரியாமல் நினைவூட்டு எழுதக் கூடாது.

உங்கள் நிறுவனம் உத்யம் பதிவு (மத்திய அரசின் சிறுதொழில் பதிவு) பெற்ற குறு அல்லது சிறு உற்பத்தி நிறுவனமானால், 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் உங்களுக்குத் துணை. எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் சரக்கை ஏற்றுக்கொண்ட 15 நாளில் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டியாகக் கேட்க உரிமை உண்டு. பணம் வராவிட்டால், அந்தச் சட்டப்படி அமைந்த வசதியாக்க மன்றத்தில் முறையிடலாம். வாங்கிவிற்கும் வியாபாரிகள் உத்யம் பதிவு வைத்திருந்தாலும் இந்தப் பாதுகாப்பு அவர்களுக்குக் கிடையாது. ஆகவே இளம்பிள்ளையில் தறி ஓட்டிச் சேலை நெய்பவர் கேட்க முடிந்ததை, சேலை வாங்கி விற்பவர் கேட்க முடியாது.

இதே கெடுவை வருமான வரியும் பிடித்துக்கொண்டது. குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டியதைக் கெடுவுக்குள் தராவிட்டால், வாங்கியவர் உண்மையில் பணம் தந்த ஆண்டில்தான் அதைத் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் கொண்டுவந்த இந்த மாற்றம் 2024 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. ஜி.எஸ்.டி.யில் இன்னொரு கெடு: பட்டியல் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராவிட்டால், வாங்கியவர் எடுத்துக்கொண்ட உள்ளீட்டு வரி வரவை (கொள்முதலில் சேர்ந்த வரியைத் தன் வரியில் கழித்துக்கொண்டதை) வட்டியோடு திருப்ப வேண்டும். இந்த இரண்டையும் மிரட்டலாக எழுதாமல், வாங்கியவருடைய நன்மைக்கான செய்தியாக எழுதலாம்: "பட்டியல் 214-க்கு 180 நாள் 30.11.2025 அன்று முடிகிறது. தங்கள் வரி வரவு பாதிக்காமலிருக்க அதற்கு முன் அனுப்பிவைப்பது நல்லது." அங்கே இருக்கும் கணக்கர் இந்த வரியை அடிக்கோடிட்டு முதலாளியிடம் காட்டுவார். பணத்தை இழுத்தடிக்க நினைக்கும் முதலாளியிடம் அவர் வாதாட ஒரு காரணத்தை நீங்களே கையில் கொடுத்திருக்கிறீர்கள்.

இனி நான் மிகவும் வற்புறுத்த விரும்பும் ஒன்று. விற்ற சரக்கின் விலைக்கு வழக்குப் போடக் காலவரம்பு மூன்று ஆண்டு. தவணை பேசியிருந்தால் அது முடிந்த நாளிலிருந்து, பேசாவிட்டால் சரக்கு ஒப்படைத்த நாளிலிருந்து கணக்கு. நாம் எத்தனை நினைவூட்டு அனுப்பினாலும் இந்த மூன்று ஆண்டு ஒரு நாள்கூட நீளாது. மாதாமாதம் கடிதம் போட்டுக்கொண்டே இருந்தோம் என்று சொல்லி நான்காம் ஆண்டில் நீதிமன்றம் போனால் கதவு சாத்தியிருக்கும். வரம்பு புதிதாகத் தொடங்க வேண்டுமானால், அந்தக் காலத்துக்குள்ளேயே கடன்பட்டவர் தன் கையெழுத்தோடு கடனை ஒப்புக்கொண்டு எழுதித்தர வேண்டும். அல்லது ஒரு பகுதி பணம் செலுத்தி, அதற்கு அவருடைய எழுத்தோ கையெழுத்தோ சாட்சியாக இருக்க வேண்டும்.

ஆகவே ஆண்டுதோறும் மார்ச் 31 முடிந்ததும் எல்லா வாடிக்கையாளருக்கும் இருப்பு உறுதிக் கடிதம் அனுப்புங்கள். "31.03-இல் தங்கள் கணக்கில் எங்களுக்கு வர வேண்டியது இவ்வளவு, சரியென்றால் கையெழுத்திட்டு முத்திரையோடு திருப்பி அனுப்பவும்" என்று இரண்டே வரி. நல்ல உறவில் இருப்பவரும் இதில் கையெழுத்திடுவார், ஏனெனில் அவருடைய ஆடிட்டரும் இதையே கேட்பார். நினைவூட்டுக் கடிதங்கள் பத்தைவிட, கையெழுத்தோடு திரும்பி வந்த இந்த ஒற்றைத் தாளுக்கு மதிப்பு அதிகம். புதிதாகச் சேர்ந்தவர் முதல் ஏப்ரலில் இந்த வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டால், முதலாளிக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

செக் திரும்பினால் நினைவூட்டு எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. திரும்பியதாக வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் சட்டப்படியான அறிவிப்பு போக வேண்டும். அது கிடைத்த 15 நாளுக்குள் அவர் பணம் தராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். அன்பான கடிதங்களில் அந்த முதல் 30 நாள் கரைந்துபோவது அடிக்கடி நடக்கிறது. வங்கியின் குறிப்புத் தாள் வந்த அன்றே முதலாளியிடமும் வக்கீலிடமும் சேர்த்துவிடுங்கள்.

வெள்ளிப் பட்டறைகளில் கொஞ்சம் வேறு

கொலுசுத் தொழிலில் பாக்கி எப்போதும் ரூபாயில் இருக்காது. கட்டி வெள்ளியைக் கொடுத்து, சேதாரமும் கூலியும் கழித்துக் கொலுசாகத் திரும்ப வாங்கும் வழக்கத்தில், பாக்கி கிராமில் நிற்கும். "ஒரு கிலோ பாக்கி" என்று எழுதுவது போதாது. என்ன டச் (நூற்றுக்கு எத்தனை பங்கு சுத்த வெள்ளி) என்று எழுத வேண்டும். 70 டச் கொலுசு 1,000 கிராம் என்றால் சுத்த வெள்ளி 700 கிராம்தான். ஆகவே எடை, டச், சுத்தக் கணக்கு மூன்றையும் எழுதி, கொடுத்த செலான் எண்ணையும் நாளையும் போடுங்கள். விலை ஏறி இறங்கும் பொருள் என்பதால், பணமாகத் தருவதானால் எந்த நாள் விலை என்பதும் கடிதத்திலேயே இருக்க வேண்டும். செய்கூலிக்கு அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதி ஜி.எஸ்.டி. விழும். எனவே பத்தாவது மாதத்திலேயே நினைவூட்டு போய்விட வேண்டும்.

நிறுவனத்துக்குள் எழுதும் குறிப்பு

வெளியே போகும் கடிதத்துக்குக் காட்டும் அக்கறையை உள்ளே எழுதும் மெமோவுக்கு யாரும் காட்டுவதில்லை. ஒருவர் கையில் மெமோ கொடுத்தால் வேலைக்கே ஆபத்து என்றுதான் அவர் வீட்டில் நினைப்பார்கள். ஆகவே வெறும் நினைவூட்டலானால் தலைப்பிலேயே "நினைவூட்டுக் குறிப்பு" என்று போட்டுவிடுங்கள். ஒழுங்கு நடவடிக்கைக்கான விளக்கம் கேட்பு வேறு, இது வேறு என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும்.

ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டை எடுத்துக்கொள்வோம். பழம் பறிக்கும் காலத்தில் எடைச் சீட்டுகள் நேரத்துக்கு வராமல் ரைட்டர் (எஸ்டேட் எழுத்தர்) திண்டாடுவார். பறித்த பழத்தை அன்றே பல்ப்பரில் (பழத்தோல் நீக்கும் இயந்திரத்தில்) ஓட்டாவிட்டால் புளித்துவிடும் என்பதால், சீட்டுக்காகப் பழத்தை நிறுத்திவைக்கவும் முடியாது. "எடைச் சீட்டுகளை உரிய நேரத்தில் சமர்ப்பிக்க அனைவரும் அறிவுறுத்தப்படுகிறார்கள்" என்று ஒட்டினால் யாரும் அசைய மாட்டார்கள். இப்படி எழுதிப்பாருங்கள்:

"எல்லாப் பிரிவு மேஸ்திரிகளுக்கும். பழ எடைச் சீட்டை அன்றன்று மாலை 5 மணிக்குள் பல்ப்பர் கொட்டகையில் ரைட்டரிடம் கொடுக்கவும். வெள்ளிக்கிழமைச் சீட்டு தாமதமானால் சனிக்கிழமைக் கூலியில் பறித்தவருக்குக் குறைவாகப் போகிறது. தராசில் பழுது இருந்தால் சீட்டுக்காகக் காத்திருக்காமல் ரைட்டருக்கு ஆள் அனுப்பவும்."

யாருக்கு, என்ன, எத்தனை மணிக்குள், எங்கே, ஏன் என்ற ஐந்தும் இதில் வந்துவிட்டன. அந்த "ஏன்" மிக முக்கியம். சீட்டு தாமதமானால் அலுவலகத்துக்கு இடைஞ்சல் என்றால் மேஸ்திரி கண்டுகொள்ள மாட்டார். தன் கீழ் வேலை செய்யும் பெண்ணின் கூலி குறையும் என்றால் மாலை நான்கு மணிக்கே சீட்டைத் தேடுவார். யார் தாமதித்தார் என்று பெயர் போட்டுப் பலகையில் ஒட்ட வேண்டாம். அதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். மலையில் மழையும் மூடுபனியும் உண்டு, செல்போன் சிக்னலை நம்ப முடியாது. ஆகவே காலை ஆள் எடுக்கும் இடத்தில் குறிப்பை வாய்விட்டு ஒரு முறை படித்துவிட்டு, பிறகு ஒட்டுங்கள். வடமாநிலத் தொழிலாளர் இருந்தால் அவர்கள் மொழியிலும் ஒரு பிரதி வேண்டும். காலம் முடிந்ததும் கிழித்துவிடுங்கள். போன வருடத்துக் குறிப்பு பலகையில் தொங்கினால் இந்த வருடத்துக் குறிப்பையும் யாரும் படிக்க மாட்டார்கள்.

அரசு அலுவலகத்துக்கு எழுதும் நினைவூட்டில் ஒன்றே ஒன்று: அவர்கள் கொடுத்த ந.க. எண்ணை, அதாவது கோப்பு எண்ணை, பார்வையில் போடாமல் அனுப்பாதீர்கள். எண் இல்லாத தாள் தபால் பிரிவிலேயே தங்கிவிடும். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பணம் வந்த பிறகு

பலர் இங்கே வேலை முடிந்ததென்று கோப்பை மூடிவிடுகிறார்கள். பணம் வந்த அன்றே அதே கணக்கருக்கு இரண்டு வரி அனுப்புங்கள்: ரூ. 78,750 கிடைத்தது; பட்டியல் 214-க்கு 36,450, 231-க்கு 42,300 வரவு வைத்தோம்; இரண்டு பட்டியலும் முடிந்தன; தங்கள் கணக்கில் இப்போது நிலுவை இல்லை. அவர் தன் லெட்ஜரிலும் அப்படியே வரவு வைத்துக்கொள்வார். மார்ச் மாத இருப்பை ஒப்பிடும்போது இரு பக்கமும் ஒரே தொகை நிற்கும். உங்கள் கோப்பில் அந்த ரசீதின் நகலை மேலே வைத்து, அதன் கீழே மூன்று கடிதங்களையும் தேதி வரிசையில் கோத்துவையுங்கள். அடுத்த முறை அதே கடைக்குக் கடன் கொடுக்கலாமா என்று முதலாளி கேட்டால், அந்தக் கோப்பை எடுத்து அவர் மேசையில் வைத்தால் போதும்.